கால் முறிவும் சங்கத்தின் கெடுவும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தறிப் பதிவேட்டைப் புரட்டுவோர், இயங்கும் தறி, இயங்காத் தறி என்னும் இரு பிரிவுகளை அதில் காண்பர். தறி இயங்காவிடில் அதற்கு நேரே காரணம் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சென்ற ஆண்டு ஐப்பசியில் நாம் பார்வையிடச் சென்ற ஒரு சங்கத்தில், ஒரு தறிக்கு நேரே 'கால் முறிவு' என்று எழுதியிருந்தது. முறிந்ததோ ஆடி மாதத்தில். "மூன்று மாதமாகவா கால் முறிவு?" என்று கேட்டோம். "அதே தெருவில் ஒரு பையனுக்கும் ஆடியில்தான் கால் ஒடிந்தது, சார். அவன் இப்போது பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறான்" என்றார் மேலாளர். நாம் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. 'காரணம் திருப்திகரமாக இல்லை' என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

அந்த ஒரு வரியின் விளைவை மாசி மாதத்தில்தான் அறிந்தோம். இயங்காத் தறிக்குப் பாவும் கிடையாது, தீபாவளி முன்பணமும் கிடையாது என்று அந்த அங்கத்தினருக்குச் சொல்லப்பட்டது. 44 வயதான அவர், வலி குறைந்துவிட்டதே என்ற தைரியத்தில், வைத்தியரைக் கேளாமல் மாவுக்கட்டைத் தாமே அறுத்தெடுத்துவிட்டுக் குழியில் இறங்கி மிதியை மிதித்தார். பத்து நாள் நெய்தார். கூடாத எலும்பு வளைந்தது. மார்கழியில் அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே கம்பி செலுத்தினார்கள். இந்த ஆண்டு ஆடியில்தான் மறுபடி தறியில் உட்கார்ந்தார். ஐந்தாறு மாதத்தில் முடிந்திருக்கக்கூடிய கஷ்டம் ஓராண்டு நீண்டது. "எழுதினீர்களே, ஐயா, ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்திருக்கக் கூடாதா?" என்று அவருடைய மனைவியார் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பையனையும் பெரியவரையும் ஒரே அளவுகோலால் அளந்ததே இங்கு நேர்ந்த பிழை. இப்பிழை சங்க அலுவலகங்களில் மட்டுமன்றி வீடுகளிலும் சர்வ சாதாரணமாக நிகழ்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. சில வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு வளர்ந்து, பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகிறது. வலி நிற்பது இந்த வேலையின் நடுவிலேயே நிகழ்ந்துவிடும். எலும்பு உறுதிப்படுவது அதற்கு வெகு நாட்களுக்குப் பின்னரே. குழந்தையின் எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு தடிமனானது, இரத்த ஓட்டம் மிகுந்தது. பச்சைக் குச்சியை ஒடித்தால் ஒரு புறம் பிளந்து மறு புறம் வளைந்து நிற்பதுபோல, குழந்தையின் எலும்பு பல சமயங்களில் அரைகுறையாகவே முறிகிறது. வயது குறையக் குறையக் காலமும் குறைகிறது. தொடை எலும்பு முறிந்தால் பிறந்த சிசுவுக்கு 2 அல்லது 3 வாரம், ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ 6 வாரம் போதும். வளர்ந்தவருக்கோ அதே எலும்பு கூட 3 முதல் 6 மாதம் வரை ஆகலாம். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு இன்னும் பிடிவாதமானது. அதன் முன்புறத்தில் தோலைத் தவிர வேறு போர்வை இல்லை. இரத்தமும் குறைவாகவே சேர்கிறது. முழுதும் கூடி உறுதிப்பட 4 முதல் 6 மாதம் ஆவது வழக்கம். பீடி, சிகரெட்டுப் பழக்கமும் சர்க்கரை வியாதியும் இந்தக் கணக்கை மேலும் நீட்டும். நமது அங்கத்தினர் நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி பிடிப்பவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கம்பி வைத்தவர்களுள் பலரை வைத்தியர்கள் சில நாட்களிலேயே ஊன்றி நடக்கச் சொல்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். கம்பி உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் அவ்வாறு சொல்ல முடிகிறது. மாவுக்கட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. எவ்வளவு பாரம், எந்த நாளிலிருந்து என்பதை எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவரே சொல்ல வேண்டும். மேலாளரோ, மாமனாரோ, நம்மைப் போன்ற ஆய்வாளரோ சொல்லத்தக்கதன்று. மேலும், நடப்பது வேறு, நெய்வது வேறு. குழித்தறியில் இடுப்பளவு பள்ளத்தில் கால்களை இறக்கி, ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு மிதியாக நாள் முழுவதும் மாறி மாறி மிதிக்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் கட்டிலிருந்த கால், எலும்பு கூடிய பிறகும் தசை சூம்பிக் கணுக்கால் இறுகியே இருக்கும். வைத்தியர் கற்பிக்கும் பயிற்சிகளைச் செய்யாமல் நேரே தறிக்குப் போனால், அரை நாள் வேலைக்குள் கால் வீங்கிவிடும். சேற்றில் இறங்கும் விவசாயிக்கும் தென்னை ஏறுபவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குழந்தைகள் விஷயத்தில் பிழை எதிர்ப்பக்கத்தில் நிகழ்கிறது. கட்டுப் பிரித்தபின் சில வாரம் நொண்டி நடப்பது இயல்பு. அதைக் கண்டு பயந்து பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும், எண்ணெய் தேய்த்து முறிந்த இடத்தை அழுத்தி நீவுவதும் வேண்டாதவை. குழந்தை தன் கால் தாங்கும் அளவுக்குத் தானே நடந்து தேறிவிடும். எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியிருந்தாலும் வளர வளர அது பெரும்பாலும் நேராகிவிடும். ஆயின் முறுக்கிக்கொண்டு கூடியது அவ்வாறு சரியாவதில்லை. எலும்பின் முனையில், வளர்ச்சி நிகழும் குருத்தெலும்பில் அடிபட்டிருந்தால், ஆறிய பிறகும் ஓரிரு ஆண்டு வைத்தியரிடம் காட்டி வருவது அவசியம். இதைப் பெற்றோர் பெரும்பாலும் செய்வதில்லை. பையன் ஓடுகிறானே என்று விட்டுவிடுகிறார்கள்.

கட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கே கட்டினாலும், கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், விரல்கள் சில்லிட்டாலும், நீலம் பாரித்தாலும், மரத்துப் போனாலும், பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. இறுகிய கட்டைச் சில மணி நேரத்திற்குள் தளர்த்தாவிடில் காலையே இழக்க நேரிடும். குழந்தை ஓயாமல் அழுதால் அது பிடிவாதமென்று எண்ண வேண்டாம்.

இனிச் சங்கங்களின் பொறுப்பைப் பற்றிய நமது அபிப்பிராயம். முறிவைக் காரணம் காட்டித் தறியை நிறுத்திவிட்டு வெளியாருக்கு நெய்பவர்களும் உண்டு என்று நிர்வாகக் குழுவினர் சொல்லுகிறார்கள். அது பொய்யன்று, நாமே அத்தகையோரைக் கண்டதுண்டு. அதற்குப் பரிகாரம் சந்தேகப்படுவதன்று, சீட்டைக் கேட்பது. எக்ஸ்ரே படத்தில் முறிவு இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தெரியும். வைத்தியர் அடுத்து வரச் சொன்ன தேதி அவருடைய சீட்டிலேயே இருக்கும். பதிவேட்டில் 'கால் முறிவு' என்று மட்டும் எழுதாமல், அந்தத் தேதியையும் எழுதி, அதுவரை அத்தறியை இயங்காத் தறியெனக் கொள்ளாதிருப்பதில் என்ன தடை? கடன் தவணையுள்ளவர் கெடுவுக்கு முன்பே அந்தச் சீட்டுடன் நீட்டிப்புக் கோரலாம். கெடு கடந்து தவறியவர் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு கேட்பதைக் காட்டிலும் இது இரு தரப்புக்கும் சுலபம்.

மிதியை மிதிக்க இயலாதவருக்குக் கைகள் இருக்கின்றன. தார் சுற்றலாம், அறுந்த இழை பிணைக்கலாம், கிடங்கில் சேலை மடிக்கலாம், நூல் சிப்பம் எண்ணிக் கணக்கெழுதலாம். தரையில் காலை மடக்கி உட்கார முடியாதாகையால் ராட்டையை மேசைமேல் வைத்து ஒரு நாற்காலியும் போட வேண்டும், அவ்வளவே. கூலி குறைவாயினும் வாரக் கூலிப் பட்டியலில் பெயர் நிற்கும். வெயில் நுழையாத தறிவீட்டிலேயே வருஷம் முழுவதும் உழைப்பவர்களுக்கு, இந்த மாதங்களில் காலை வெயிலில் சற்று உட்கார்வதும், கேழ்வரகும் பாலும் முட்டையும் இயன்ற அளவு உண்பதும் நல்லது.

நாம் குறிப்பிட்ட சங்கம் சென்ற மாதம் ஒரு காரியம் செய்தது. மருந்து தெளிப்பானை விவசாயச் சங்கங்கள் இரவல் கொடுப்பதுபோல், உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய அக்குள் கட்டைகள் இரண்டு ஜோடியும், சிறுவருக்கானது ஒரு ஜோடியும் வாங்கிக் கிடங்கில் வைத்திருக்கிறது. வாடகை இல்லை, கையொப்பமிட்டு எடுத்துச் சென்று திருப்பித் தர வேண்டும். பெரிய ஜோடிகளில் ஒன்று ஏற்கெனவே வெளியே போயிருக்கிறது. நமது பழைய குறிப்புக்குக் கீழே, அது விசாரியாமல் எழுதப்பட்டது என்று சிவப்பு மையில் எழுதித் தேதியிட்டு வந்தோம். அவ்வங்கத்தினருக்குக் கிடைக்காது போன முன்பணத்தைப் பற்றிய தீர்மானம் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வருகிறது.