வெட்டிக் கொடுத்த அட்டை

மெஃபனமிக் அமிலத்தால், மருந்து ஒவ்வாமையால் வரும் ட்ரெஸ் சிண்ட்ரோம் என்ற கடும் நோய் வரக்கூடும் என்று காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று எச்சரித்தது. வரவேற்கிறோம். ட்ரெஸ் என்றால் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், அலோபியூரினால், டாப்சோன் போன்ற மருந்துகளால் வருவது என்றே மருத்துவர்களான நமக்குப் பழக்கம். மாதவிடாய் வலிக்கு எழுதும் மாத்திரையை யார் சந்தேகித்தோம்?

ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு, ஏறிய கல்லீரல் என்சைம் என்று வருபவரை முதலில் டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் என்று பார்ப்பது சரிதான். அவை இல்லையென்று ஆன பிறகும் ஈசினோஃபிலைப் பார்க்காமல், முகவீக்கத்தைக் கவனிக்காமல், இன்னொரு ஆன்டிபயாடிக்கை எழுதுவதுதான் நம் பிழை. பத்தில் ஒருவர் வரை இறக்கும் நோய் இது. காரணமான மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

எந்த மருந்து? மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்து வரும் நோய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வரும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். "வயித்து வலின்னு சொன்னேன் சார், மெடிக்கல்ல குடுத்தாங்க." பெயர் அச்சான பாதி அட்டை கடையிலேயே தங்கிவிட்டது. பில்லும் கிடையாது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம்மவர்களே பெயர் எழுதாத காகிதக் கவரில் மாத்திரை போட்டுக் கொடுக்கிறார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆணையத்துக்கு அனுப்பும் பக்கவிளைவுப் படிவத்தில் சந்தேக மருந்தின் பெயர் கட்டாயம். பெயர் தெரியாத நோயாளி அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. கணக்கில் ஏறியவர்களை வைத்துத்தான் எச்சரிக்கை பிறக்கிறது. நம் பகுதிப் பெண்கள் எத்தனை பேர் இப்படி வெளியே நின்றுபோனார்கள்?

நோயாளிகளும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்கிறது ஆணையம், ஆங்கிலத்தில். பெயரே தெரியாத மாத்திரையை அவர்கள் எப்படிக் கவனிப்பார்கள்? மெஃபனமிக் அமிலம் ஷெட்யூல் எச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது. விதி புத்தகத்தில் இருக்கிறது, கடை வாசலில் இல்லை. இதைப் பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறோம். ஒவ்வொரு முறையும் சுமை மருத்துவர் தலையிலும் நோயாளி தலையிலும்தான் இறங்குகிறது. விற்பனையைக் கண்காணிக்க வேண்டியவர்களை யாரும் கேட்பதில்லை.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையை வெளிப்படையாகக் கேட்கிறோம்: இரண்டே மாத்திரை என்றாலும் மருந்தின் பெயரோடு பில் கொடுக்கச் செய்யுங்கள். நம் கிளினிக் கவர்களில் பெயர் எழுதுவதை நாம் நாளைக்கே தொடங்கலாம். மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டிய உதவி எண் 1800-180-3024.