அனுமதியின்றி வீட்டில் நுழையும் விளம்பரங்கள்



சில மாதங்களுக்கு முன் உக்கடத்திலிருந்து ஒரு தந்தை தம் மகனுடன் மதரஸாவுக்கு வந்தார். "ஹஜ்ரத், இவன் கம்ப்யூட்டரில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறான். கண்டித்து வையுங்கள்" என்றார். பத்தாம் வகுப்பு மாணவன்; தலை நிமிரவில்லை. "நான் எதையும் திறக்கவில்லை ஹஜ்ரத், தானாக வருகிறது" என்று மட்டும் சொன்னான்.

கணினி அறிந்த சகோதரர் ஒருவரை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினோம். பையன் சொன்னது உண்மை. பிடிஎஃப் கோப்புகளை மாற்றுவதற்காக நிறுவிய இலவச மென்பொருளுடன் விளம்பர மென்பொருளும் சேர்ந்து நுழைந்திருந்தது. அதை நிறுவியவர் தந்தையே!

இது ஒரு வீட்டின் கதையன்று. 2017 ஜூனில், 'ஃபயர்பால்' என்னும் விளம்பர மென்பொருள் உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் புகுந்துள்ளதாகவும், அவற்றுள் 2.53 கோடி இந்தியாவில் இருப்பதாகவும் செக் பாயிண்ட் நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கை மிகை என மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனால் அது புகுந்த வழியில் ஐயமில்லை. இலவச மென்பொருள்களுடன் ஒட்டிவந்து, பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும்.

அடையாளங்கள் எளியவை. முகப்புப் பக்கம் தானாக மாறும். நாம் சேர்க்காத எக்ஸ்டென்ஷன்கள் தென்படும். திரையின் மூலையில் விளம்பரங்கள் எழும். "வைரஸ் உள்ளது, உடனே அழையுங்கள்" என்ற மிரட்டலும் வரலாம். அந்த எண்ணை அழைக்காதீர்கள்.

நீக்குவதும் கடினமன்று. விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வரிசையில் பார்த்து, அறியாதவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிரவுசரில் தேவையற்ற எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை ரத்து செய்து, செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் செய்யுங்கள். மால்வேர்பைட்ஸின் இலவச 'ஆட்வ்கிளீனர்' கருவியும் உதவும். அதை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். துப்புரவு செய்வதாகச் சொல்லிப் புகும் போலிகளும் உண்டு.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் (24:27) நமக்குக் கற்றுத் தருகிறது. இந்த மென்பொருள்களோ அனுமதியை ஏமாற்றிப் பெறுகின்றன. படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். இனி எந்த மென்பொருளை நிறுவினாலும் ஒவ்வொரு திரையையும் படியுங்கள். கூடுதலாகத் தரப்படுபவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் (49:12) எச்சரிக்கிறது. திரையில் தகாதது தெரிந்ததும் பிள்ளையைக் குற்றவாளியாக்கினால், விளம்பரத்தை நீக்கிய பிறகும் அந்தக் காயம் நீங்காது. முதலில் கணினியைச் சோதியுங்கள். அதன் பிறகு பிள்ளையிடம் அன்போடு பேசுங்கள்.

அந்தத் தந்தை அன்று மகனிடம் மன்னிப்புக் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்! நம் இல்லங்களையும் உள்ளங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.