ஈவிரக்கமில்லாத ஒரு நண்பன்

பக்கத்து சீட் தம்பி நேற்று செல்போனில் ஒரு சீரியலைப் பற்றி 'செம மொக்கை' என்று தட்டிக் கொண்டிருந்தான். ''விமர்சனம் சார்'' என்றான்.

எனக்கு 'டெலிவிஷன் வித்தவுட் பிட்டி' ஞாபகம் வந்துவிட்டது. ஈவிரக்கமில்லா டி.வி.! அமெரிக்க வெப்சைட். 2014 ஏப்ரல் 4-ல் கண்ணை மூடியது. நாம்தான் ஒரு மாலை கூடப் போடவில்லை.

1998-ல் 'டாஸன்ஸ் க்ரீக்' என்று ஒரு சீரியல். பதினைந்து வயசுப் பசங்க காதலைப் பற்றி ஹைகோர்ட் வக்கீல் மாதிரி பேசுவார்கள். அதை வாராவாரம் வாருவதற்கென்றே ஆரம்பித்த கடை இது. நடத்தியவர்கள் டாரா அரியானோ, சாரா பன்ட்டிங், டேவிட் கோல். பிறகு பல சீரியல்களுக்கு விரிந்து, 2002-ல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. கொள்கை? அடியாத மாடு படியாது. நக்கலடிக்காத சானல் உருப்படாது!

ஒவ்வொரு எபிசோடையும் ஸீன் ஸீனாக, பக்கம் பக்கமாகப் பிரித்து மேய்வார்கள். ஓட்டையெல்லாம் எண்ணி, கடைசியில் ப்ராக்ரஸ் ரிப்போர்ட் மாதிரி கிரேடு. லஞ்ச் டயத்தில் தயிர்சாதத்தோடு படிப்பேன். பாதி சீரியல்களை நான் பார்த்ததே இல்லை. தரை டிக்கெட்டில் படம் பார்த்துவிட்டு வந்தவன் 'டிஷ்யூம்' எல்லாம் வாயாலேயே போட்டுக் கதை சொல்வானே, அந்த சுகம்.

'தி வெஸ்ட் விங்' எழுதிய ஆரோன் சோர்க்கினுக்கே அங்கே போய் வாசகர்களோடு வாதாடிய அனுபவம் உண்டு. 2002-ல் அந்தக் கோபத்தை ஒரு எபிசோடாகவே எழுதிவிட்டார். வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் தன் ரசிகர்களின் வெப்சைட்டில் போய் பதில் எழுதி மாட்டிக்கொண்டு முழிப்பார். திட்டினவர்களுக்கு இதைவிட என்ன பத்மஸ்ரீ வேண்டும்?

அந்த சீரியலை ஒளிபரப்பியது என்.பி.சி. 2007-ல் இந்த வெப்சைட்டை வாங்கியது யார் தெரியுமோ? என்.பி.சி. யூனிவர்சலின் 'பிராவோ' சானல். அடுத்த வருஷமே ஆரம்பித்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2014-ல் மொத்தமாக ஷட்டர். குரைக்கிற நாயைத் திருடனே வாங்கி வளர்த்தால் என்ன ஆகும்?

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், போன மாசம் இருபது பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். மேலதிகாரி 'வெரிகுட்' என்று எழுதித் திருப்பித் தந்தார். எட்டாம் பக்கத்தில் கூட்டல் தப்பு. அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை. சந்தோஷமாக இருக்க வேண்டியவன், ஏனோ அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வெப்சைட்காரர்கள் எட்டாம் பக்கத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். ஆனால், முழுசாகப் படித்துவிட்டுக் கிழித்திருப்பார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

தம்பியிடம் கேட்டேன்: ''எந்த எபிசோடுப்பா மொக்கை?''

''இன்னும் பார்க்கலை சார். ட்ரெய்லர் வந்திருக்கு!''