இறங்கி வரும் குளிர்ப்பெட்டி

நம் பாட்டிமார் காலத்து அடுக்களைகளில் உறி என்று ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைய மாணவர்களிற் பலர் அதனைக் கண்டிருக்கமாட்டார்கள். தயிரும் வெண்ணெயும் பூனைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். ஆனால் வீட்டுக்காரிக்கு எட்டவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு தேவைகளையும் ஒரு கயிறு தீர்த்துவைத்தது. கயிற்றைத் தளர்த்தினால் உறி இறங்கும். இழுத்துக் கட்டினால் ஏறிவிடும். பொருள் மனிதனிடம் இறங்கி வரவேண்டுமேயன்றி, மனிதன் பொருளுக்காக ஏணி தேடி அலையலாகாது என்பது அந்தப் பழைய அடுக்களையின் சித்தாந்தம்.

அதே சித்தாந்தத்தைச் சென்ற ஆண்டு அரநாயக்கவிலே, ஒரு ஜீப் வண்டியின் பின்புறத்தில் நாம் மறுபடியும் படிக்க நேர்ந்தது. சிறிது அடிபட்டே படித்தோம். ஆகையால் நேயர்களுக்கும் சொல்லிவைக்கலாம் என்று எண்ணுகின்றோம்.

கொழும்பு-கண்டி நெடுஞ்சாலையை மாவனெல்லையிலே விட்டுத் தெற்கே திரும்பினால் அரநாயக்கவுக்குப் போகலாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவே வளைந்து வளைந்து செல்லும் தெரு. இறப்பரும் தேயிலையும் வாசனைப் பயிர்களும் மாறி மாறி வரும் காட்சி. கண்ணுக்கு இனிய ஊர். ஆனால் மழைக்கு அஞ்சும் ஊர். 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மண்ணுக்குள் புதைத்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோரை அந்த ஒரு மாலைப்பொழுது விழுங்கியது. அந்நாள் முதல், பெருமழை தொடங்கினால் வேண்டியதை வண்டியில் ஏற்றிப் புறப்பட ஆயத்தமாய் இருப்பது அங்குள்ள பல குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது.

அவ்வூரில் வாழும் நமது மைத்துனரிடம் நான்கு சில்லுகளும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று உண்டு. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையிலிருந்த ஐந்து ஆண்டுகளும் இலங்கையர் பழைய வண்டிகளைப் பெற்ற பிள்ளைகளைப்போலப் பேணக் கற்ற ஆண்டுகள். மைத்துனரின் ஜீப்பும் அவ்வாறு பேணப்பட்டதே. அவருடைய தாயார், அதாவது நமது மாமியார், இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். 2022 மார்ச்சு இறுதியில் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாய் நின்றதை மைத்துனர் மறக்கவில்லை. வண்டிப் பற்றரியில் ஓடும் நாற்பது லீற்றர்க் குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்கி ஜீப்பின் பின்புறத்தில் வைத்தார். மருந்துக்கு மருந்தும் காப்பாகும். ஆடி மாதத்தில் அம்மாவைக் கதிர்காமத்துக்கும் கவலையின்றி அழைத்துப் போகலாம் என்பது அவர் கணக்கு.

கணக்கில் ஒரு பிழை இருந்தது. ஜீப்பின் தளம் தரையிலிருந்து எண்பத்தைந்து சென்ரிமீற்றர் உயரம். அதன்மேல் பெட்டி ஐம்பது சென்ரிமீற்றர். மூடியோ மேல்நோக்கித் திறப்பது. மாமியாரின் உயரம் நாலடி எட்டங்குலம். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவர் எட்டிப்பார்ப்பதற்கே இன்னொருவர் தூக்கிவிடவேண்டும். “என் மருந்த நான் எடுக்க ஒரு ஆள் துணையா?” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். சிரிப்புக்குள்ளே இருந்த வருத்தத்தை மகன் அறிந்துகொண்டார்.

இதற்கென்றே ஒரு சாதனம் உண்டு. மோட்டார் வண்டியிலே நெடுந்தூரம் சுற்றுகின்றவர்கள் பயன்படுத்துவது. குளிர்ப்பெட்டி ஒரு தொட்டிலில் அமர்ந்திருக்கும். உருளைக் குண்டுகள் ஓடும் தண்டவாளத்திலே தொட்டிலை வெளியே இழுக்கலாம். முழுவதும் வெளியே வந்தபின் கைப்பிடியை விடுவித்தால், தொட்டில் ஒரு சாணுக்கு மேல் கீழே இறங்கும். இறங்கும்போதும் சரியாது. பக்கத்துக்கு இரண்டாக ஒரே நீளமுள்ள கைகள் அதனைத் தாங்குவதால் அவை எப்போதும் ஓர் இணைகரமாகவே நிற்கும். தொட்டில் மட்டமாகவே இருக்கும். 1669இல் ரொபெர்வால் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வெளியிட்ட தராசின் தத்துவம் இதுவே. பலசரக்குக் கடை மேசையில் இரு தட்டுகளும் மேற்புறமாக அமைந்த தராசைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வாயு அடைத்த குழாய்கள் இரண்டு பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவதால், முதியவர் கையாலும் மெல்ல இறக்கி ஏற்றலாம்.

குளிர்ச்சியைக் கொண்டுதிரிவதற்கு மனிதன் பட்ட பாடு சிறிதன்று. 1833இல் பொஸ்தன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர் குளத்துப் பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பிரயாணத்தில் பெரும்பகுதி உருகாமலே வந்து சேர்ந்தது. அந்த வியாபாரத்துக்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கின்றது. 1850களில் அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரத்தில் ஜேம்ஸ் ஹரிசன் யந்திரத்தால் பனிக்கட்டி செய்தார். கப்பலளவாயிருந்த அந்தக் குளிர்ச்சி இன்று ஒரு ஜீப்பின் மூலையில் அடங்கிவிட்டது. அடங்கிய பின்னரும் கைக்கு எட்டாவிட்டால் என்ன பயன்?

மைத்துனர் அந்தத் தொட்டிலை வாங்கிக் கொழும்பிலே ஒரு பட்டறையில் பூட்டுவித்து, ஞாயிறு மாலை வீடு வந்து சேர்ந்தார். நாமும் அன்று அங்கே விருந்தினர். சாய்வான முற்றத்தில் வண்டி நின்றது. குடும்பம் முழுவதும் சுற்றிநின்றது. “பாருங்க அத்தான்” என்று சொல்லி, பெட்டியை இழுத்தார், வந்தது. கைப்பிடியை விடுவித்தார், இறங்கத் தொடங்கியது. மறுகணம் உள்ளே தகரம் கிழியும் ஓசை. தொட்டிலின் உட்புற முனை எழும்ப, வெளிமுனை சீமெந்துத் தரையிலே மோதியது. மூடி திறந்து, போத்தல்களோடு மாமியாரின் மருந்துக் குப்பிகளும் உருண்டன. இரண்டு உடைந்தன. மற்றவை மழைநீர்க் கானுக்குள் போயின.

“கால் மேல விழாம தரையில விழுந்துச்சே மாப்பிள்ளை, அது போதும்” என்றார் மாமியார். ஆயினும் மறுநாட் காலை அவருக்கு மருந்து வேண்டும். அன்றிரவு கொட்டும் மழையில் மாவனெல்லைக்குப் போய், மருந்துக்கடையைத் திறப்பித்து வாங்கி வந்தோம். வளைவுக்கு வளைவு மலையைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டிய மைத்துனர் வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அயலிலுள்ள ஒட்டுப்பட்டறைப் பாஸ் ஒருவரை அழைத்து வந்தோம். சிங்களவர், அறுபது வயதைத் தாண்டியவர். இத்தகைய சாதனத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை. ஆனாலும் அவர் செய்த முதற் காரியம் நம்மை வியக்கவைத்தது. தொட்டிலைத் திரும்பியும் பாராமல், கைவிளக்கோடு வண்டிக்கு அடியிலே படுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் சொன்னார்: “சேர், பின்னால் இரண்டு போல்ட்டு நட்டோடு இருக்கின்றன. முன்னால் இருப்பவை வெறும் தகரத் திருகாணிகள். அந்த இடத்துக்கு நேர் கீழே எண்ணெய்த் தாங்கி. துளைக்கப் பயந்து, மேலோடு திருகிவிட்டிருக்கிறார்கள்.”

தாங்கிக்கு அஞ்சியது சரி. அதற்காகத் தகரத்தை நம்பியது பிழை. மாணவ நேயர்கள் யாழ்ப்பாணத்துத் துலாவை நினைத்துக்கொள்ளட்டும். ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். வெளியே இழுத்த தொட்டிலும் துலாவே. பின்புறப் போல்ட்டுகள் அதன் அச்சு. பெட்டி, உள்ளிருந்த சாமான், தொட்டில் எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோ. அந்தப் பாரத்தின் நடு, அச்சிலிருந்து நாற்பத்தெட்டு சென்ரிமீற்றர் வெளியே. முன்புறத் திருகாணிகள் அச்சிலிருந்து எண்பது சென்ரிமீற்றர் உள்ளே. ஐம்பதை நாற்பத்தெட்டால் பெருக்கி எண்பதால் வகுத்தால் முப்பது. ஆகவே, பெட்டி அமைதியாய் நிற்கும்போதே முப்பது கிலோ பாரம் அந்தத் திருகாணிகளை மேல்நோக்கிப் பிடுங்குகின்றது. இழுத்த வேகத்தில் சட்டென நின்றால் இன்னும் மிகுதி. ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத தகரத்தில் திருகாணியின் ஒரு புரியே பிடிக்கும். போதாக்குறைக்கு, மலைப்பாதையில் மூன்று மணி நேரம் குலுங்கி வந்த திருகாணிகள் அவை.

பாஸ் செய்த பரிகாரம் எளியது. ஜீப்பின் கடைசி இருக்கைகள் கழற்றப்பட்டிருந்தன. அவற்றைத் தாங்குவதற்குத் தொழிற்சாலையிலேயே அமைத்த உறுதியான புரித்துளைகள் இரு பக்கமும் வெறுமையாய் இருந்தன. அவ்விரண்டுக்கும் குறுக்கே ஒரு தடித்த இரும்புச் சட்டத்தைப் பூட்டி, தொட்டிலின் முன்முனையைச் சட்டத்தோடு பிணைத்தார். தாங்கியின் அருகே ஒரு துளையும் இடவில்லை. பின்புறப் போல்ட்டுகளுக்கு அடியில், வாஷருக்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில் இரும்புத் தகடுகளை வைத்தார். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளையே பயன்படுத்தினார். குலுக்கத்தில் தளராதபடி நைலோன் வளையம் பதித்த நட்டுகளால் இறுக்கினார். வெட்டிய விளிம்புகளுக்குத் துருப்பிடிக்காமல் வர்ணமும் பூசினார். இறுதியாக, தொட்டிலை வெளியே இழுத்து இறக்கி, ஐம்பது கிலோச் சீமெந்து மூடை ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, “இனி அம்மாவின் மருந்தை வைக்கலாம்” என்றார்.

மின்சார இணைப்பிலும் ஒரு பாடம் இருந்தது. குளிர்ப்பெட்டியின் யந்திரம் ஓடும்போது ஏறக்குறைய ஐந்து அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். பற்றரியிலிருந்து வண்டியின் பின்புறம்வரை ஐந்து மீற்றர். போகவர வயர் பத்து மீற்றர். ஒரு சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரானால் வழியிலேயே ஏறக்குறைய 0.86 வோல்ட்டு குறைந்துவிடும்; ஆறு சதுர மில்லிமீற்றரானால் 0.14 வோல்ட்டே குறையும். மெல்லிய வயரில் வந்த குறைந்த அழுத்தத்தைக் கண்ட பெட்டி, பற்றரி வற்றிவிட்டதென்று எண்ணித் தானே நின்றுவிடும். வெளியில் குற்றமற்ற பெட்டி. உள்ளே இளகிய மருந்து! ஆகவே வயர் தடித்ததாய் இருத்தல் வேண்டும். பியூஸ் பற்றரிக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். பெட்டி வெளியே வரும்போது இழுபடாதபடி வயருக்குத் தளர்வு விடவேண்டும். இரவு முழுவதும் பெட்டி ஓடுமானால் வண்டியைக் கிளப்பும் பற்றரியை அதற்குக் கொடுத்துவிடாமல், இரண்டாவது பற்றரி ஒன்றை வைத்துக்கொள்வது நலம்.

மலைநாட்டவர்க்கு மேலும் ஒரு சொல். வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி நிற்கும்போது தொட்டிலின் பூட்டைத் திறக்கலாகாது. பாரம் தானாகவே ஓடி வந்து நெஞ்சில் மோதும். கூடியவரை மட்டமான இடத்தில் நிறுத்தி, கைத்தடையைப் போட்டு, சில்லுக்குக் கல்லும் அடைகொடுத்த பின்னரே இழுக்கவேண்டும். உள்ளே தள்ளியபின் பூட்டு விழுந்த ஓசையைக் காதாரக் கேட்கவேண்டும்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1921இல் ரொறன்ரோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்த இன்சுலின், 1922 ஜனவரியில் பதினாலு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்குமுன் அந்நோய் கண்ட சிறுவர்களுக்கு மரணமே முடிவு. திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்தல் வேண்டும். வெப்பம் அதற்குப் பகையென்று எல்லாரும் அறிவர். உறைதலும் பகையென்பதைப் பலர் அறியார். ஒருமுறை உறைந்த இன்சுலினை, மீண்டும் இளகித் தெளிவாய்த் தோன்றினாலும், பயன்படுத்தலாகாது. வண்டிக் குளிர்ப்பெட்டிகள் உறைநிலைக்குக் கீழேயும் போகவல்லவை. ஆதலால் 4 அல்லது 5 பாகையில் நிறுத்தி, குப்பிகளைப் பெட்டிச் சுவரில் ஒட்டாமல் நடுவே ஒரு சிறு கூடையில் வைத்து, பக்கத்திலே ஒரு வெப்பமானியையும் வைக்கவேண்டும். இத்தகைய பெட்டி வாங்க வசதியில்லாதோர் ஈர மணலிட்ட மண்பானையை நாடுவதுண்டு. வறண்ட நாட்டில் அது நன்றாய்க் குளிரும். அரநாயக்க போன்ற மழைநாட்டில் நீர் ஆவியாவது குறைவாகையால் குளிர்ச்சியும் குறைவே. அங்கே பனிக்கட்டிப் பொதியிட்ட காப்புப்பெட்டியே மேல். மருந்து பனிக்கட்டியைத் தொடாதபடி துணி சுற்றிவைத்தாற் போதும்.

ஆடியிலே கதிர்காமத்துக்குப் போனோம். மாணிக்க கங்கைக் கரையிலே அதிகாலையில் வண்டியை நிறுத்தியதும், மருந்தை எடுத்துக்கொடுக்க மைத்துனர் இறங்கினார். மாமியார் கையமர்த்தினார். தாமே போய்க் கதவைத் திறந்து, பூட்டை விடுவித்து, தொட்டிலை இழுத்து, மெல்ல இறக்கினார். பெட்டியின் மூடி அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே வந்து நின்றது. குனிந்து, கூடையிலிருந்து தம் குப்பியைத் தாமே எடுத்தார்.

“எங்க ஆத்தா வீட்டு உறி மாதிரியே இருக்கு” என்றார்.

மைத்துனர் நம்மைப் பார்த்தார். அன்றிரவு மழையிலே மாவனெல்லைக்கு ஓடியபின், அவர் முகத்திலே அத்தகைய நிம்மதியை அப்போதுதான் கண்டோம்.