கற்கும் வயது கடந்துவிட்டதா?

 

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மூன்று நான்கு முறை படித்தேன். எழுதிய சகோதரிக்கு வயது 41. 2001-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய கையோடு நிக்காஹ் முடிந்துவிட்டது. கணவர் குவைத்தில் பணி புரிகிறார். மக்கள் மூவர், மூத்தவன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். தொலைநிலைக் கல்வி வாயிலாகத் தமிழ் இலக்கியத்தில் பி.ஏ. பட்டம் பெற வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசை. கணவரும் இசைந்துவிட்டார். "பேரன் பேத்தி எடுக்கிற வயசிலே ஏட்டைத் தூக்கிக்கிட்டு எங்கே போகப் போறே?" என்று மாமியார் கேட்டது கூட அவரை அவ்வளவாக வருத்தவில்லையாம். மகன் சொன்ன சொல்தான் தைத்துவிட்டது. "உம்மா, இதை யாருகிட்டேயும் சொல்லாதீங்க. என் கூடப் படிக்கிறவங்க சிரிப்பாங்க" என்றானாம். அன்றோடு விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார். பாதி நிரப்பிய நிலையில் அது இன்னும் கைப்பேசியில் கிடக்கிறது. "நான் நினைத்தது நகைப்புக்குரியதா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, சகோதரி. ஆனால் 'இல்லை' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் உங்களுடைய வீட்டு நிலையை நான் உணரவில்லை என்று ஆகிவிடும்.

கல்வி தேடுவதைக் கடமையாக்கும் நபிமொழியை நம் கல்யாண மேடைகளிலும் ஆண்டு விழாக்களிலும் கேளாதவர் இல்லை. அதை மேடையில் முழங்கிவிட்டு வரும் பெரியவரே, தம் மருமகள் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் "அடுப்பில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதையும் பார்த்திருக்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு ஓதுமாறு கட்டளையிட்டு முதல் வஹீ இறங்கியபோது அவர்களுக்கு வயது நாற்பது. பொறுப்புகள் வருமுன் அறிவைத் தேடிக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் கூறியதைப் பதிவு செய்யும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள், பொறுப்பு வந்த பின்னரும் தேடலாம், நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்று தம் குறிப்பையும் அங்கே சேர்த்திருக்கிறார்கள். ஆண்களே எப்போதும் தங்களைச் சூழ்ந்திருப்பதால் எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்க வேண்டுமென்று பெண்கள் கேட்டதும், நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கித் தந்ததும் அதே கல்விப் பகுதியில்தான் உள்ளன. இவை மார்க்க அறிவைக் குறித்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை, பி.ஏ. தமிழுக்கு நேரடிச் சான்றாக இவற்றை நான் கொண்டுவரவில்லை. வயதும் பெண்மையும் கற்பதற்குத் தடை என்னும் எண்ணம் நம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. அது எங்கிருந்தோ நம் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது என்பதை மட்டுமே சொல்ல வருகிறேன்.

நம் சமுதாயத்திலேயே நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் இருந்தார்கள். பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. 1938-இல் 'காதலா கடமையா' என்னும் அவர்களுடைய நாவல் வெளிவந்தது. அவர்களுக்கு அஞ்சல்வழிப் பாடம் அனுப்ப எந்தப் பல்கலைக்கழகமும் அன்று இல்லை.

அந்த வசதி நம் நாட்டில் 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் இதனை ஏற்றன. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறந்தன. நம் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பது, கல்லூரி எட்டாத ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கே தெரியும். சென்னையில் 1955 முதலே முஸ்லிம்கள் நடத்தும் பெண்கள் கல்லூரி இருந்தது. எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், கீழக்கரையில் தாஸிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-இல்தான் தோன்றியது. நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தது 1981. அந்த ஆண்டே எனக்கும் திருமணம்.

ஆகவே இச்சகோதரியின் கேள்விக்கு என் கதையைக் கொஞ்சம் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

1994-இல் என் 30-ஆம் வயதில் அஞ்சல்வழியாக பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தேன். கணவர் அப்போது சவூதியில். பாடங்கள் பழுப்புத்தாள் கட்டுகளாகத் தபாலில் வரும். தபால்காரர் வாசலில் நின்று என் பெயரை உரக்க வாசிக்கும்போது, எதிர்வீட்டுச் சன்னல் திறக்கும். இஷாத் தொழுது, பிள்ளைகளைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவி வைத்தபின் பத்து மணிக்கு மேல்தான் புத்தகம் விரியும். முகலாயர் ஆட்சியைப் படித்துக்கொண்டே அதன்மேல் தலை சாய்ந்து உறங்கிய இரவுகள் ஏராளம். 1995-இல் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்து இரண்டாம் வாரத்தில் வந்தது. தேர்வும் அந்த வாரத்தில்தான். குர்பானி இறைச்சியைப் பங்கு வைத்து, விருந்தினரை அனுப்பி, மறுநாள் ஆங்கிலத் தாள் எழுதச் சென்றேன். தேறவில்லை. பழியைப் பெருநாள் மேல் போட்டேன். ஆனால் அடுத்த ஆண்டும் தேறவில்லை. அப்போது பழிபோட எதுவும் அகப்படவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது, அவ்வளவுதான்.

பதினான்கு வயதான என் மகள்தான் பிறகு எனக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தந்தாள். அவள் பொறுமை அவ்வப்போது எல்லை கடக்கும். "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்பாள். அந்தச் சொல்லை அவள் என்னிடமிருந்துதான் கற்றிருந்தாள். கணக்குப் பாடத்தில் அவள் தடுமாறியபோது நான் அதையே சொல்லிக் கையையும் ஓங்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தாய், தானும் தோற்றுப் பார்த்தவளாக இருப்பது நல்லது.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களும் இச்சகோதரியின் மாமியாரைப் போலவே கேட்டவர்கள்தாம். ஆனால் அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் கிதாபுகளைத் தங்குதடையின்றி ஓதுவார்கள். 1950-களில் கொழும்பில் வணிகம் செய்த என் மாமனாருக்கு அவர்கள் எழுதிய கடிதங்கள் யாவும் அந்த எழுத்திலேயே. தமிழ் எழுத்துதான் தெரியாது. அந்தக் காலத்துக் கடற்கரை ஊர்ப் பெண்கள் பலர் அப்படித்தான். அவர்களைப் 'படிக்காதவர்' பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்!

1983-இல் மகன் சவூதி சென்று தமிழில் கடிதம் எழுதத் தொடங்கியதும் மாமிக்கு அதை வாசித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் நான்தான் வாசித்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில வரிகளை விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன். மகன் தாயிடம் மனம் விட்டு எழுதிய இடங்கள், என்னைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்ட ஓரிரு இடங்கள், நாத்தனாருக்குப் பணம் கொடுக்கச் சொன்ன ஓரிடம். அமானிதத்தில் கை வைத்தேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

நான் இரவில் படிப்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்த மாமி, 1996-இல் ஒருநாள் என் கடைசி மகனுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, "இந்த எழுத்து என்ன?" என்று அவனிடம் கேட்டார்கள். அப்போது அவர்களுக்கு அறுபது வயதிருக்கும். பேரனே ஆசிரியன். ஓராண்டுக்குள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் வாசித்தது நாளிதழை அன்று, சந்தனப் பெட்டியில் வைத்திருந்த மகனுடைய பழைய கடிதங்களை. நாள்தோறும் அஸருக்குப் பின் இரண்டு மூன்றாக எடுத்து வாசித்தார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் மட்டும், "நீ சில இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறே போலிருக்கே" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது பெட்டியைப் பூட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

சகோதரி, உங்களுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்களிடம் வேலை, சம்பளம் என்று நீங்கள் விடை தேட வேண்டியதில்லை. தனக்கு வந்த கடிதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பதற்கு மேல் மாமிக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வங்கியில் நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பமிடுவதாக நீங்களும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே! அந்த வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தியது.

வேலையும் நோக்கமெனில் சில செய்திகளை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்த நிறுவனம் எந்தப் படிப்பை நடத்த ஏற்பளிக்கப்பட்டுள்ளது என்னும் பட்டியலை வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். அவ்வாறு ஏற்பளிக்கப்பட்ட பட்டம் கல்லூரிக்குச் சென்று பெற்ற பட்டத்திற்கு இணையானதே என்று அக்குழு 2022-இலும் அறிவித்திருக்கிறது. கடைத்தெருவில் பலகை மாட்டிக்கொண்டு "ஓராண்டில் பட்டம்" என்பாரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம் அப்படித்தான் போயிற்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்னும் வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசுப் பணிக்கு அப்பட்டம் செல்லும். உங்களுக்கு அந்த இடர் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற சகோதரிகள் முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை எழுதிக்கொள்வதே நேரான வழி. பி.ஏ. முடித்ததும் பி.எட். படிப்பையும் வீட்டிலிருந்தே முடித்து ஆசிரியை ஆகிவிடலாம் என்று எண்ணுபவர் பலர், தொலைநிலை பி.எட். பொதுவாக ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கே உரியது.

அவகாசத்தைப் பற்றி அஞ்சாதீர்கள். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நீட்டி முடிக்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு உண்டு. மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பது வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு. அவற்றை நீங்களே எழுதுங்கள், கடையில் விற்பதை வாங்கிப் படியெடுக்காதீர்கள். ரமலான் எந்த மாதத்தில் வருகிறது, வீட்டில் யாருக்கு எப்போது திருமணம் என்பதைப் பார்த்து ஒரு பருவத்துக்கு எத்தனை தாள் என்று முடிவு செய்யுங்கள். எல்லாத் தாள்களையும் ஒரே மூச்சில் எழுதி முடிக்க வேண்டும் என்னும் வீம்புதான் என்னை இரண்டு முறை கவிழ்த்தது. வரலாற்றுத் தாள்களை 1997-இல் முடித்தேன். ஆங்கிலத்தை மூன்றாம் முயற்சியில் 1998-இல்.

இனி மகன். அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். பத்தொன்பது வயதில் நண்பர்களின் சிரிப்பு மிகப் பெரிய செய்தி. அவனுக்குத் தெரியாமல் ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் ஒளித்துச் செய்யும் காரியம் எதுவும் நெடுநாள் நிற்பதில்லை. அவனுடைய உதவி தேவைப்படும் ஒரு வேலையை அவனிடமே கொடுங்கள். விண்ணப்பத்தில் சான்றிதழ்களை ஏற்றுவது, கட்டணத்தை இணையத்தில் செலுத்துவது, தேர்வு மையத்துக்குப் பேருந்து பார்ப்பது, முதல் நாள் உடன் வந்து வாசலில் காத்திருப்பது. நண்பர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். மாமியாரிடம் வாதாட வேண்டாம்; அவர்கள் கேட்ட வேலையை முடித்துவிட்டு அவர்கள் பார்க்கும் இடத்திலேயே உட்கார்ந்து படியுங்கள்.

பாதியில் நின்ற விண்ணப்பத்தைச் சேர்க்கைக்குரிய கடைசி நாளுக்கு முன்பே, பிள்ளைகள் உறங்கிய ஓர் இரவில் நிரப்பி முடித்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசல், தாய்வீட்டு அலமாரியில் இருக்கிறதா என்பதை இன்றே உம்மாவிடம் கேளுங்கள். என்னுடையதைக் கரையான் தின்றிருந்தது. மறுபிரதி வாங்க நான்கு மாதங்கள் அலைந்தேன்.