ஒப்பிட்டவர் பெயர் முதலில்

நான்கு நாட்களாக ஒரே ஒரு பக்கத்தைத்தான் கணினித் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்காம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட கிரேக்க விவிலியத்தின் பக்கம் அது. சீனாய் மலையடிவார மடத்தில் கிடைத்ததால் சீனாய்ச் சுவடி என்று பெயர். அதன் ஏடுகள் இன்று லண்டன், லைப்ஸிக், பீட்டர்ஸ்பர்க், சீனாய் என்று நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. 2009 முதல் எல்லா ஏடுகளையும் இணையத்தில் ஒருசேரப் பார்க்கலாம். நான் பார்ப்பது லைப்ஸிக் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பகுதி. எஸ்தர் புத்தகம் முடிகிறது. முடிந்த இடத்தில், பல தலைமுறை கழித்து வந்த ஒருவர் வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்.

இந்தச் சுவடியை மிகப் பழைய பிரதி ஒன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாகச் சொல்கிறார் அவர். அந்தப் பழைய பிரதி, இரத்தசாட்சியாக இறந்த பம்பிலஸ் தம் கையால் திருத்தியது. அதன் கடைசியில் பம்பிலஸ் எழுதிவைத்திருந்த செய்தியையும் இவர் எடுத்து எழுதுகிறார். ஓரிஜன் என்ற அறிஞரின் ஹெக்ஸப்லா என்ற நூலைப் பார்த்து எடுத்த பிரதி அது. ஒப்பிட்டவர் அன்தோனினுஸ், திருத்தியவர் பம்பிலஸ். திருத்திய இடம் சிறைச்சாலை. இதற்கு நிகரான இன்னொரு பிரதி எளிதில் கிடைக்காது என்றும், பணிவோடு, ஒரு வரி சேர்த்திருக்கிறார் பம்பிலஸ்.

அச்சகத்தில் இருபது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். இந்தக் குறிப்பைப் படித்ததும் என் பழைய மேசை கண்முன் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மெய்ப்பு ஒருவர் வேலை அல்ல, இருவர் வேலை. காப்பி ஹோல்டர் அண்ணன் மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். நான் அச்சுப் படியில் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவேன். "அவன் வந்தான் கமா அமர்ந்தான் முற்றுப்புள்ளி புதுப் பத்தி" என்று நிறுத்தற்குறிகளையும் சேர்த்தே வாசிப்பார். மாலை ஆகும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிடும், எனக்குக் கண் எரியும். ஒருவர் ஒப்பிட, ஒருவர் திருத்த என்று நாங்கள் செய்த அதே வேலையை 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டு பேர் சிறைக்குள் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

அவர்களுடைய ஊர் செசரியா. இன்றைய இஸ்ரேலில், டெல் அவிவுக்கும் ஹைஃபாவுக்கும் நடுவே, மத்தியதரைக் கடலோரத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. விவிலியம் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். பவுல் இரண்டு ஆண்டுகள் காவலில் இருந்தது அங்கேதான். அந்த ஊரைக் கட்டியவன் ஏரோது அரசன். கி.மு. 22-ல் தொடங்கிச் சுமார் 12 ஆண்டுகளில் முடித்து, அகஸ்டஸ் சீசரின் பெயரைச் சூட்டினான். இயற்கைத் துறைமுகமே இல்லாத கரை அது. இத்தாலியிலிருந்து எரிமலைச் சாம்பலைக் கப்பலில் வரவழைத்துச் சுண்ணாம்போடு கலந்து, மரச்சட்டங்களைக் கடலுக்குள் இறக்கி, தண்ணீருக்கடியிலேயே இறுகும் காரையை அவற்றில் கொட்டி, நடுக்கடலில் சுவர் எழுப்பினார்கள். அந்தத் துறைமுகத்தை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் வியந்து வியந்து எழுதியிருக்கிறார். அதன் அலைதடுப்புச் சுவர்கள் இன்று கடலுக்கடியில் கிடக்கின்றன. முக்குளிப்பவர்கள் மூழ்கித்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஊரிலிருந்து யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லும் அங்கேதான் கிடைத்தது. 1961-ல் இத்தாலிய அகழாய்வுக் குழு அதைக் கண்டெடுத்தபோது, நாடக அரங்கில் படிக்கல்லாகக் கிடந்தது. பிற்காலத்தில் அரங்கைப் பழுது பார்த்தவர்கள் பழைய கல் ஒன்றை எடுத்துப் பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அரசன் எழுப்பிய சுவர் நீரில் மூழ்கியது, ஆளுநரின் பெயர் காலடிக்குப் போனது. ஆனால் செசரியா என்றதும் படித்தவர்கள் நெஞ்சில் முதலில் எழுவது ஒரு துறைமுகமோ அரண்மனையோ அல்ல. அங்கே இருந்த ஒரு நூலகம்.

அதற்கு வித்திட்டவர் ஓரிஜன். அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். 202-ல் நடந்த அடக்குமுறையில் தந்தை லியோனிதஸ் கொல்லப்பட்டார், குடும்பச் சொத்து பறிமுதலானது. பதினேழு வயதுப் பையன் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பிறகு, தாம் சேர்த்து வைத்திருந்த கிரேக்க இலக்கியப் பிரதிகளை எல்லாம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக நாளொன்றுக்கு நான்கு ஓபல் காசு பெற்று, அதிலேயே வாழ்ந்தார். வசதி படைத்த நண்பர் அம்புரோஸ் பின்னாளில் அவருக்கு எழுத்தர்களை அமர்த்திக் கொடுத்தார். ஏழுக்கும் மேற்பட்ட சுருக்கெழுத்தாளர்கள் முறைவைத்து எழுதினார்கள். அதே அளவுக்குப் படியெடுப்பவர்களும் இருந்தார்கள். அழகாக எழுதப் பயின்ற பெண்களும் அங்கே வேலை செய்தார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நாம். அந்தப் பெண்களையும் மறவாமல் எழுதி வைத்த வரலாற்றாசிரியர் யூசிபியஸுக்கு நான் கை கூப்புகிறேன்.

சொந்த ஊர் ஆயரோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் ஓரிஜன் சுமார் 232-ல் செசரியாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே பள்ளி நடத்தினார். பொந்து நாட்டு இளைஞர் கிரிகோரி, பெய்ரூட்டில் சட்டம் படிக்கலாம் என்று புறப்பட்டவர். வழியில் சகோதரி ஒருத்தியை அவள் கணவனிடம் சேர்க்கச் செசரியாவுக்கு வந்தார். ஓரிஜனின் பாடத்தைக் கேட்டார். சட்டம் மறந்தது. சில ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். பிரியும் நாளில் ஆசிரியரைப் பற்றி அவர் ஆற்றிய உரை இன்றும் இருக்கிறது.

ஓரிஜனின் பெரும்பணி ஹெக்ஸப்லா. ஆறு மடங்கு என்று பொருள். எபிரேய வேதத்துக்குக் கிரேக்கத்தில் பல மொழிபெயர்ப்புகள் வழங்கின. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. எது சரி என்று யூதர்களோடு வாதம் வரும்போது கிறிஸ்தவர்கள் விழித்தார்கள். ஓரிஜன் பக்கத்தை ஆறு பத்திகளாகப் பிரித்தார். முதல் பத்தியில் எபிரேயம். இரண்டாவதில் அதே எபிரேயம், கிரேக்க எழுத்தில். அடுத்து அக்விலாவின் மொழிபெயர்ப்பு, பிறகு சிம்மாக்கஸ், எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, தியோடோஷன். ஒரு வரிக்கு எபிரேயத்தில் ஒரு சொல் அல்லது இரண்டு சொல்தான். அதற்கு நேர் எதிரே ஐந்து வடிவங்கள். இப்படியே பழைய ஏற்பாடு முழுவதும்! யூத அறிஞர்களிடம் கேட்டும் தெளிந்துகொண்டார்.

எழுபதின்மர் மொழிபெயர்ப்புதான் திருச்சபையின் வழக்கில் இருந்தது. அதில் உள்ள சில பகுதிகள் எபிரேயத்தில் இல்லை. அவற்றை அடித்துவிடலாம். அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கோட்டுக் குறி போட்டார். எபிரேயத்தில் இருந்து கிரேக்கத்தில் விடுபட்டதை வேறு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துச் சேர்த்தார். ஆனால் சேர்த்தது தெரியாமல் சேர்க்கவில்லை, நட்சத்திரக் குறி போட்டுச் சேர்த்தார். ஹோமரின் காவியங்களைப் பதிப்பித்த அலெக்சாந்திரிய அறிஞர்கள் கையாண்ட குறிகள் அவை. அவற்றை அவர் வேதத்துக்கும் கொண்டுவந்தார். அதிகம் எது, குறைவு எது என்று படிக்கிறவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். தாம் புனிதம் என்று நம்பிய நூலிலேயே பாடபேதங்களை மறைக்காமல் காட்டியவர் அவர். நம்பிக்கையும் நேர்மையும் ஒரே பக்கத்தில் உட்கார முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

250-ல் டீசியஸ் பேரரசன் காலத்தில் ஓரிஜனைச் சிறைபிடித்தார்கள். தொழுமரத்தில் நான்காம் துளை வரை கால்களை விரித்து, நாள்கணக்கில் வைத்தார்கள். அவர் மறுதலிக்கவில்லை. விடுதலையாகிச் சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். 553-ல் கூடிய கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம் அவரைக் கண்டனம் செய்தது என்பதும் வரலாறுதான். கோட்பாட்டு வழக்குக்குள் நான் போகவில்லை.

ஓரிஜன் வித்திட்ட நூலகத்தை வளர்த்தவர் பம்பிலஸ். பெய்ரூட்காரர், அலெக்சாந்திரியாவில் படித்துவிட்டுச் செசரியாவில் மூப்பரானவர். கைப்பொருளையும் உழைப்பையும் நூலகத்தில் போட்டார். ஓரிஜனின் நூல்களில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே படியெடுத்தார். வேதப் பிரதிகளை ஆயத்தமாக எழுதி வைத்திருந்து, கேட்டு வருகிறவர்களுக்குப் படித்துத் திருப்பித் தர மட்டுமல்ல, சொந்தமாக வைத்துக்கொள்ளவும் கொடுத்தார். ஆண்களுக்கு மட்டுமல்ல, வாசிக்கும் ஆர்வம் உள்ள பெண்களுக்கும் கொடுத்தார். பின்னாளில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் வேத அறிஞர் ஜெரோமிடம் வந்தபோது, பெரும் செல்வம் கிடைத்ததுபோல் அவர் மகிழ்ந்தார்.

307-ல் பம்பிலஸைச் சிறையில் அடைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். அங்கேயும் வேலை நிற்கவில்லை. மாணவர் யூசிபியஸின் துணையோடு ஓரிஜனுக்காக ஒரு தற்காப்பு நூல் எழுதினார். அன்தோனினுஸ் ஒப்பிட, இவர் பிரதிகளைத் திருத்தினார். 310 பிப்ரவரி 16 அன்று கொல்லப்பட்டார். அவர் வீட்டிலேயே வளர்ந்த அடிமைப் பையன் ஒருவன், பெயர் போர்ஃபிரி, பதினெட்டு வயதுகூட நிறையாதவன், எழுத்துக் கலையில் தேர்ந்தவன். உடல்களை அடக்கம் செய்யக் கொடுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். அவனையும் பிடித்து வதைத்து, நெருப்பில் வைத்துக் கொன்றார்கள். படியெடுக்கக் கற்றுக்கொடுத்த ஆசானுக்கு ஒரு கல்லறை கேட்டதற்காக உயிரை விட்ட பிள்ளை அவன். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்துவிடுகிறேன்.

யூசிபியஸ் உயிர் பிழைத்தார். ஆசிரியரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து, பம்பிலஸின் யூசிபியஸ் என்று வழங்கினார். செசரியாவின் ஆயரானார். அந்த நூலகத்தில் உட்கார்ந்து பத்துப் புத்தகங்களாகத் திருச்சபை வரலாற்றை எழுதினார். கான்ஸ்டன்டைன் பேரரசனை அவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்பது உண்மை. ஆனால் பழைய நூல்களிலிருந்து பகுதி பகுதியாக அவர் எடுத்துத் தந்திராவிட்டால் பல எழுத்தாளர்களின் ஒரு வரிகூட நமக்குக் கிடைத்திருக்காது. பந்தேனுஸ் என்ற அலெக்சாந்திரிய ஆசிரியர் இந்தியாவுக்குப் போனார், அங்கே எபிரேய எழுத்தில் மத்தேயு நற்செய்தியைக் கண்டார் என்ற செய்தியும் அவர் நூலில்தான் இருக்கிறது. அக்காலத்தவர் தென் அரேபியாவையும் இந்தியா என்று சொல்வதுண்டு என்பதால், எந்தக் கரை என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நான் கவனிப்பது வேறு. யூசிபியஸ் அதைச் சொல்லும்போது, அப்படிச் சொல்லப்படுகிறது என்றே எழுதுகிறார். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுவது ஓரிஜனின் கோட்டுக் குறிக்கு உறவுதான்.

புதிய தலைநகரின் கோயில்களுக்காக 50 வேதப் பிரதிகளைத் தோலில் எழுதித் தரும்படி கான்ஸ்டன்டைன் கேட்டது இந்த ஊரைத்தான். பின்வந்த ஆயர்கள் அக்காசியுஸும் யூசோயுஸும் செல்லரித்துக்கொண்டிருந்த பாப்பிரஸ் நூல்களைத் தோலுக்கு மாற்றி எழுதச் செய்தார்கள். அப்படியும் காலம் வென்றுவிட்டது. நூலகம் இல்லை. ஹெக்ஸப்லாவும் முழுதாக இல்லை. கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்து அறையில் கிடைத்த ஒரு கிழிந்த தோலில், மேலே எபிரேய எழுத்து ஓட, அடியில் மங்கிப்போன கிரேக்கத்தில் அதன் சில வரிகள் தெரிகின்றன. அது கேம்பிரிட்ஜில் இருக்கிறது. இன்னும் சில ஏடுகள் மிலானில் இருக்கின்றன.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் வாசித்துச் சரிபார்த்த புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. அட்டைப்படம் வரைந்தவர் பெயர் உண்டு, அச்சிட்ட இடத்தின் பெயர் உண்டு. தொண்டை கட்டும்வரை வாசித்தவர் பெயர் இல்லை. பெயர் போட்டால் பொறுப்பும் வரும். எந்த மூலத்தோடு ஒப்பிட்டோம், யார் ஒப்பிட்டது, யார் திருத்தியது என்று மூன்று வரி இருந்தால் வாசகர் அந்தப் புத்தகத்தை நம்பிக் கையில் எடுப்பார். தவறு கண்டால் யாரிடம் சொல்வது என்பதும் தெரியும்.

பதிப்பாளர்களிடம் கேட்கிறேன். அடுத்த புத்தகத்தில் அந்த மூன்று வரிக்கு இடம் விடுங்கள். பெரிய செலவு இல்லை. சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தவருக்கு அதற்கு மனம் இருந்தது. அந்தக் குறிப்பில் அன்தோனினுஸின் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான், பம்பிலஸ் தம் பெயரை எழுதினார்.