அம்மாவின் இடுப்பளவு... 49 வயதோடு நின்றுபோகும் கணக்கு!

உங்க ஜீன்ஸ் சைஸ் என்னனு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ இருக்கிற உங்க அம்மாவோட இடுப்பளவு? அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. புடவைக்கு ஏது சைஸ்? பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினா முடிஞ்சது. மூணு இன்ச் கூடியிருந்தாலும் துணி காட்டிக்கொடுக்காது.

அரசாங்கக் கணக்கும் இதைப் பாதியில் விட்டுவிடுகிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இடுப்புச் சுற்றளவை எடுத்தார்கள். ஆனால், பெண்களில் 15 முதல் 49 வயது வரைதான். அந்தத் தரவை வைத்து 2023-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, பெண்களில் 40 சதவிகிதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகச் சொன்னது. ஆண்களில் 12 சதவிகிதம்தான். 30-49 வயதுப் பெண்களில் இது பாதிக்கும் மேல். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதோ 46, 47 வயதை ஒட்டி. அதாவது, அளவு ஏறத் தொடங்கும் இடத்திலேயே டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்!

அதுவரை இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்ந்த கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வயிற்றுக்குள் குடல், கல்லீரலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மாதிரி இது சாது இல்லை. கல்லீரலுக்குள் கொழுப்பை அனுப்பும், இன்சுலினை வேலை செய்ய விடாது. சுகர், பி.பி, டிரைகிளிசரைடு மூணும் கைகோத்து ஏறுவது இப்படித்தான். தசை குறைஞ்சு கொழுப்பு கூடுவதால் எடை மெஷின் பழைய நம்பரையே காட்டலாம். ‘வெயிட் போடலையே’ என்ற நிம்மதியை நம்பாதீங்க.

இந்தியப் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ. டெய்லர் டேப்பில் முப்பத்தொன்றரை இன்ச். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பா விட்ட பிறகு அளக்கணும். வயிற்றை எக்கக் கூடாது (எக்குவாங்க, பாருங்க!).

அளந்தாச்சா? சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் போட்டுப் பாருங்க. 50 வயதைத் தாண்டினால் 30. இடுப்பு 80-லிருந்து 89 என்றால் 10, 90-க்கு மேல் 20. உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்தே இருந்தால் 30. பெற்றோரில் ஒருவருக்கு சுகர் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டாலே அதிக அபாயம். 52 வயது, இடுப்பு 86, நடையே கிடையாது என்றால் 70. வயசையும் தாத்தா பாட்டியையும் மாத்த முடியாது. தினமும் நடந்தால் அந்த 30 இருபதாகும், இடுப்பு 80-க்குக் கீழே வந்தால் 10 காணாமல் போகும். 70 இப்போ 50!

‘வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே’ம்பாங்க. களை பறிச்சு, மல்லாட்டை ஆய்ஞ்ச காலத்தில் அது சரி. முட்டிவலி வந்து நிலத்துக்குப் போறதை நிறுத்தின பிறகும் சோத்தோட அளவு மட்டும் அப்படியே இருக்கே? மிச்சம் வீணாகக் கூடாதுனு இன்னொரு கரண்டி வேற. அந்த மிச்சத்தை அம்மா தலையில் கட்டுறது நாமதான்.

இடுப்பளவு எச்சரிக்கை மணிதான், நோய் இருக்கா இல்லையானு அது சொல்லாது. சுகர், பி.பி-யை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கொழுப்புப் பரிசோதனைக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சுகர், பி.பி பார்க்கிறாங்க. ‘எனக்கு ஒண்ணும் இல்லம்மா’னு வாசல்லயே திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க. அடுத்த முறை வந்தா கையை நீட்டச் சொல்லி, இன்னிக்கு போன் பண்ணும்போதே சொல்லி வைங்க.